‘ஹால்விங்’ என்பதற்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

பிட்காயினில் புதிதாக வெளிவரும் காசின் அளவு குறிப்பிட்ட இடைவெளியில் பாதியாகக் குறைவதை ஆங்கிலத்தில் ‘ஹால்விங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை பாதியாக்கம், அரைப்பு, பரிசுப் பாதிப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் தயக்கம் இருக்கிறது.

2024 ஏப்ரலில் என் சித்தப்பா போன் செய்தார். கொஞ்சமாய் பிட்காயின் வாங்கி வைத்திருப்பவர். “பிட்காயின் பாதியாகப் போகுதுன்னு செய்தியில வருதேப்பா, என்கிட்ட இருக்கிறதும் பாதியாயிடுமா? இப்பவே வித்துடட்டுமா?” என்று கேட்டார். குரலில் நிஜமான பயம். அவரிடம் இருப்பது அப்படியே இருக்கும் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அவர் படித்த செய்தியில் தவறே இல்லை. எது பாதியாகிறது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘பாதியாக்கம்’ என்று வைத்தால் அதே குழப்பம் தொடரும்.

‘அரைப்பு’ என்றதும் காதில் விழுவது மாவு மில். ‘பாதிப்பு’ இன்னும் மோசம். ‘பரிசுப் பாதிப்பு’ என்று படிப்பவர் பரிசுக்கு ஏதோ கேடு வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்.

சரி, உண்மையில் பாதியாவது எது? பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுக் கணக்கான பிளாக்செயினுக்குத் ‘தொடரேடு’ என்று எழுதி வருகிறோம். அதனால் அதில் ஒவ்வொன்றாகச் சேரும் தொகுதியான பிளாக்கை இங்கே ‘ஏடு’ என்கிறேன். சுமார் 10 நிமிடத்துக்கு ஓர் ஏடு சேர்கிறது. அதைச் சேர்த்த அகழ்வோருக்கு, அதாவது இயந்திரங்களை ஓட்டி ஏடு சேர்க்கும் ‘மைனர்’களுக்கு, இரண்டு வரவு. ஒன்று, அந்த ஏட்டோடு புதிதாகப் பிறக்கும் பிட்காயின்; இதைப் ‘புதுக்காசு’ என்கிறேன். மற்றது, பணம் அனுப்பியவர்கள் கொடுத்த கட்டணம். 2,10,000 ஏடுகளுக்கு ஒருமுறை பாதியாவது முதல் வரவு மட்டும்தான்.

இதற்கு நல்ல சான்று 8,40,000ஆவது ஏடு. 2024 ஏப்ரல் 20 அன்று, நான்காவது முறையாகப் புதுக்காசு குறைந்தது அந்த ஏட்டில்தான். புதுக்காசு 6.25இலிருந்து 3.125 ஆனது. ஆனால் அதே ஏட்டில் சேர்ந்த கட்டணம் 37 பிட்காயினுக்கும் மேல்! பிட்காயின் தொடரேட்டிலேயே வேறு டோக்கன்களை உருவாக்க உதவும் ரூன்ஸ் என்ற புதிய முறை அந்த ஏட்டிலிருந்து தொடங்கியதால், முதல் இடத்தைப் பிடிக்க ஆளாளுக்குக் கட்டணத்தை ஏற்றினார்கள். ஆக, ‘வருமானம் பாதியானது’ என்று எழுதியிருந்தால் அந்த ஏட்டைப் பொறுத்தவரை அது பொய். அந்தக் கட்டண வேகம் சீக்கிரமே தணிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

‘பரிசு’ என்ற சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். பரிசு வாங்குகிறவர் கரண்ட் பில் கட்டுவதில்லை. விலையும் கட்டணமும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 100 ரூபாய் வரவில் 60 ரூபாயை மின்சாரத்துக்குக் கொடுப்பவர் ஒருவர், 30 ரூபாய் கொடுப்பவர் இன்னொருவர். புதுக்காசு பாதியானதும் இருவருக்கும் வரவு ஏறக்குறைய 50. முதலாமவர் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். ஓட்ட ஓட்ட நஷ்டம். இரண்டாமவருக்கு இன்னும் 20 மிஞ்சும். அப்புறம் நடப்பதுதான் முக்கியம். 2,016 ஏடுகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்தில், கடினநிலை (ஓர் ஏட்டைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு) திருத்தப்படும். பலர் நிறுத்தியிருந்தால் அது இறங்கும். நிறுத்தியவர்களின் பங்கும் மிஞ்சியவர்களுக்கே போய்ச் சேரும். 2024 மே மாதத்தில் ஒரே திருத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 2021இல் சீனா அகழ்வைத் தடை செய்தபோது, ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 28 சதவீதம் இறங்கியது.

இயந்திரமும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பழைய அகழ்வு இயந்திரமான ஆண்ட்மைனர் எஸ்9, ஒரு டெராஹேஷுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடி கணக்கீட்டு முயற்சிக்கு, ஏறத்தாழ 100 ஜூல் மின்சாரம் தின்னும். அதற்குப் பின் வந்த எஸ்21க்கு 17.5 போதும். ஒரே மின்சாரத்தில் ஐந்து மடங்குக்கு மேல் வேலை. இத்தனை செலவும் கணக்கும் பார்த்துச் சம்பாதிப்பது கூலி இல்லாமல் வேறென்ன? அதனால் புதுக்காசும் கட்டணமும் சேர்ந்த மொத்த வரவை ‘ஏட்டுக்கூலி’ என்று சொல்லலாம். முதலில் ‘ஏட்டுப்படி’ என்று யோசித்தேன்; பஞ்சப்படி, பயணப்படி மாதிரி. ஆனால் ‘ஏட்டுப்படி சரி’ என்று எழுதினால் ஏட்டில் உள்ளபடி என்றல்லவா பொருள் வரும்? விட்டுவிட்டேன்.

இதை எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009இல் ஓர் ஏட்டுக்குப் புதுக்காசு 50 பிட்காயின். 2012இல் 25, அது அரை. 2016இல் 12.5, கால். 2020இல் 6.25, அரைக்கால். 2024இல் 3.125, வீசம்! நம் பழைய பின்ன வாய்பாடு ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகவே இறங்குகிறது. 2028இல் எதிர்பார்க்கப்படும் 1.5625, அரைவீசம். ‘இப்போது புதுக்காசு வீசத்தில் நிற்கிறது’ என்று சொன்னால், தொடக்கத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது வாய்பாடு தெரிந்தவருக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

என் முன்மொழிவு ‘புதுக்காசுப் பாதியிறக்கம்’. ஒரு கட்டுரையில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து ‘பாதியிறக்கம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். விலையிறக்கம் பழகிய சொல் என்பதால் ‘இறக்கம்’ யாருக்கும் இடறாது. ஆனால் அதே பழக்கத்தால் சுருக்க வடிவம் பிட்காயின் விலை பாதியாய் விழுந்ததாகத் தொனிக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. தலைப்புகளில் முழு வடிவம் மட்டுமே என்று விதி வைத்தால் போதுமா, இல்லை வேறு ஈற்றுச் சொல் தேட வேண்டுமா? சொல்லுங்கள். சித்தப்பாவிடம் இரண்டு வடிவத்தையும் இந்த வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று அடுத்த மடலில் எழுதுகிறேன்.