புதுப்பிப்பு: ஊசி போட்ட பிறகு வந்த காய்ச்சல்

நாலு மாதக் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றையும் தடுப்பது) போட்ட இரவே 38.8 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், தொடையில் வீக்கம், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா, இப்போது நன்றாக இருக்கிறாள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. தொடையில் சின்னக் கட்டி மட்டும் இருக்கிறது, வலியில்லை. கரைய சில வாரம் ஆகலாம், தேய்க்க வேண்டாம் என்றார் மருத்துவர்.

ஏன் இவ்வளவு காய்ச்சல் என்று கேட்டேன். கக்குவான் இருமல் கிருமியை முழுதாகக் கொன்று செய்யும் ஊசியில் காய்ச்சல் கொஞ்சம் அதிகம் வருமாம், அதன் சில புரதங்களை மட்டும் எடுத்துச் செய்வதில் குறைவு. இதை ஊசி போடும் முன்பே சொல்லியிருந்தால் அன்று இரவு அவ்வளவு அழுதிருக்க மாட்டேன், உண்மையாகவே.

அப்புறம், பாராசிட்டமால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, குழந்தை துவண்டு போவது, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்த தவணையும் கண்டிப்பாகப் போடுவோம்.