கோலம் முகமூடியில் உளு: மண்ணெண்ணெய் பூசலாமா?

கேள்வி:
இலங்கையின் அம்பலாங்கொடைப் பக்கத்துப் பழைய கோலம் (சிங்கள முகமூடி நாட்டிய நாடகம்) முகமூடி, தலையில் நாகங்களுள்ள நாகராட்சசன். கதுரு என்ற இலேசான மரத்தில் செதுக்கியது. தாடையின் உட்புறம் ஊசித் துளைகள், அடியில் வெளிர்மஞ்சள் தூள். நெற்றியில் சிவப்புப் பூச்சு செதில் செதிலாக எழும்புகிறது. மண்ணெண்ணெய் பூசினால் உளு (மரத்தை அரிக்கும் வண்டின் புழு) சாகுமா? பெயர்ந்த இடத்தில் எனாமல் அடிக்கலாமா?

உளிக்காரன்:
இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் ஆழத்தில் கிடக்கும் புழுவை எட்டாது, கறைதான் மிஞ்சும். முதலில் உளு உயிரோடிருக்கிறதா பாருங்கள். பழைய தூளை மெல்லத் தட்டிக் கொட்டிவிட்டு, கறுப்புத் தாளின் மேல் அசைக்காமல் வையுங்கள். புதுத்தூள் விழுந்தால் சந்தேகமே இல்லை. பருத்தித் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 பாகை செல்சியஸில் 2 வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம், 24 மணிநேரம் கிடக்கட்டும். அவசரப்பட்டால் பூச்சின்மேல் நீர் வேர்த்துவிடும்.

சாயக்கிண்ணம்:
அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எழும்பிய பூச்சை ஒட்டாமல் சுற்றினால் பாதி துணியோடு வந்துவிடும். பழைய முறையில் மரத்தின்மேல் களிமண் அடிப்பூச்சு, அதன்மேல்தான் வண்ணம். ஈரப்பதம் ஏறி இறங்க மரம் விரிந்து சுருங்கும். களிமண் கூடவே போகாது, அதனால்தான் இந்தச் செதில். 100 மி.லி. நீரில் 3 கிராம் ஜெலட்டின் ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரைத்து, மெல்லிய தூரிகை நுனியால் செதிலின் விளிம்பில் ஒரு சொட்டு வையுங்கள். தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பசை ஒட்டாத சிலிக்கோன் தாள் வைத்து விரலால் அழுத்தினால் போதும். கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதியுங்கள். நீர் கூடினால் களிமண் கரையும். அசிட்டோன் கலந்த பசை குங்கிலிய வார்னிஷையே கரைத்துவிடும்.

உப்புத்தாள் போடவே கூடாது. அந்தக் காலச் சிவப்பு சாதிலிங்கம், மஞ்சள் அரிதாரம்: ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்சனிக். தூரிகையால் தூசி தட்டவும் கையுறை, முகக்கவசம் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. உள்ளே நெற்றிப் பக்கம் கறுப்பாகப் பிசுக்கு. துடைக்கலாமா?

உளிக்காரன்:
விட்டுவிடுங்கள். அந்த வியர்வைக் கறையும் கயிறு தேய்த்த துளையும்தான் ஆடிய முகமூடி என்பதற்கு அடையாளம். சுவரில் மாட்ட அந்தக் கயிற்றை நம்பாதீர்கள். உள்ளிருந்து தாங்கி கொடுங்கள். தலைநாகங்கள் தனித்துண்டாகச் செருகியவையா என்றும் பாருங்கள். அப்படியானால் அவற்றைப் பிடித்துத் தூக்கக் கூடாது.