உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் கிரிமினல் அப்பீல்: வேலை எப்படி இருக்கும்?

எழும்பூர் வக்கீல்:
வணக்கம். ஒன்பது வருடமாக எழும்பூர், அல்லிக்குளம் கோர்ட்டுகளில் டிஃபென்ஸ் பக்கம் பார்த்து வருகிறேன். உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் (குற்றவியல்) பதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி சீனியர் வற்புறுத்துகிறார். சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து பழகியவனுக்கு, சாட்சியப் பதிவுகள் உள்ள வழக்குக் கட்டை மட்டும் வைத்து வாதிடுவது சரிப்பட்டு வருமா? இத்தனை நாள் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகப் பேசிவிட்டு, இனி அவர்களை உள்ளே வைக்கவே பேச வேண்டுமே என்ற உறுத்தலும் இருக்கிறது. அந்த ஆபீஸில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்க்காரி:
தம்பி, சில வருடங்கள் அங்கே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். டிஃபென்ஸ் அனுபவம் உங்களுக்குப் பெரிய பலம். எதிர்த்தரப்பு எதைப் பிடிக்கும் என்பது கட்டைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். சாட்சியின் முகம் அங்கே கிடையாது. அதனால் முழுக் கட்டையும் நீங்களே படிக்க வேண்டும். ஜூனியர் எடுத்துத் தரும் குறிப்பு போதாது.

கொலை வழக்கு அப்பீல் வந்தால், தீர்ப்புக்கு முன்னால் நான் எஃப்.ஐ.ஆரைத்தான் பார்ப்பேன். அதில் மாஜிஸ்திரேட் கைப்பட எழுதிய தேதியும் நேரமும் இருக்கும். இரவு பத்து மணிக்குப் பதிவானது மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் பெயர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் வாதம் தொடங்கும். எடுத்துப் போன காவலரை விசாரித்தார்களா, தாமதத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்பதையெல்லாம் முன்கூட்டியே தேடி வைத்திருக்க வேண்டும். அடுத்தது, முதலில் பார்த்த டாக்டரின் விபத்துப் பதிவேடு. அதில் 'தெரிந்த இரண்டு பேர்' என்று எழுதியிருந்து, குற்றப்பத்திரிகையில் ஐந்து பேர் இருந்தால் பெஞ்ச் (விசாரிக்கும் நீதிபதிகள்) கட்டாயம் கேட்கும். அப்புறம் எதிரியின் வாக்குமூலத்தை வைத்துக் கத்தியை எடுத்ததற்கான மகஜர், அதாவது கைப்பற்றியதை எழுதிய பதிவு. இதற்கான பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 23-ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது, கேள்விகள் மாறவில்லை.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நாம் போலீஸின் வக்கீல் இல்லை. ஓர் ஆயுள் தண்டனை அப்பீலில், "நான்காவது எதிரி மேல் என்ன சாட்சியம்?" என்று பெஞ்ச் நேராகக் கேட்டது. கூட்டத்தில் நின்றார் என்பதைத் தவிர எதுவும் இல்லை. இல்லை என்றே சொன்னேன். இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முதல் எதிரியின் தண்டனையைக் காப்பாற்ற நான் வாதிட்டபோது நீதிபதிகள் என் ஒவ்வொரு வரியையும் கவனித்துக் கேட்டார்கள். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போவது தனி விஷயம். அரசின் உத்தரவு வேண்டும், காலக்கெடு 90 நாள், உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். பல கட்டுகளில் 'அப்பீலுக்கு முகாந்திரம் இல்லை' என்று கருத்துரை எழுதுவதும் உங்கள் வேலைதான். உச்ச நீதிமன்றத்தின் 2007 சந்திரப்பா தீர்ப்பைப் படித்து வையுங்கள்: சாட்சியத்தில் நியாயமாக இரண்டு முடிவுகளுக்கு இடமிருந்தால் விடுதலையில் கை வைக்கக் கூடாது. அந்தக் கருத்துரையை நேர்மையாக எழுதுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பாதிக்கப்பட்டவர் தானே அப்பீல் செய்யும் உரிமை 2009 கடைசியில் வந்துவிட்டது, அதையும் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கோவை செஷன்ஸ்:
ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். இது நிரந்தர வேலை இல்லை. ஆட்சி மாறினால் பெரும்பாலும் எல்லோரும் மாறுவார்கள். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வரும் உதவி அரசு வழக்கறிஞர் பணி வேறு. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். உங்கள் சொந்த ஆபீஸை மூடிவிடாதீர்கள்.

எழும்பூர் வக்கீல்:
நன்றி மேடம், நன்றி சார். தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் மனுக்கள் நிறைய வருமா?

மயிலாப்பூர்க்காரி:
வந்துகொண்டே இருக்கும் தம்பி. பத்து வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமென்றால், எழுத்தில் ஆட்சேபிக்க அரசுத் தரப்புக்கு வாய்ப்புத் தந்த பிறகே விடுவிக்க முடியும்; இப்போது இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 430-ஆம் பிரிவு. அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். எத்தனை காலம் உள்ளே இருந்திருக்கிறார், வேறு வழக்கு உண்டா, வெளியே வந்தால் சாட்சிகளின் வீட்டுக்கு அச்சுறுத்தல் வருமா என்று ஸ்டேஷனிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதை வைத்துக்கொண்டு எழுந்து நிற்காதீர்கள். அவர் பல வருடம் உள்ளேயே இருந்து, அப்பீல் இப்போதைக்கு விசாரணைக்கு வராது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.