உறையைத் தூதரகத்தில் கொடுத்த செய்தியாளர்: பிழை யாருடையது?

இளவேனில்:
1985 ஜனவரியில், மாஸ்கோவில் பணியாற்றிய அமெரிக்கச் செய்தியாளர் நிக்கலஸ் டேனிலாஃபின் அஞ்சல் பெட்டியில் யாரோ ஓர் உறையைப் போட்டுச் சென்றார்கள். உள்ளே அமெரிக்கத் தூதரின் பெயருக்கு இன்னோர் உறை இருந்தது. அதை அவர் தூதரகத்தில் ஒப்படைத்தார். அங்கே பிரித்தபோது, அதற்குள் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் இயக்குநருக்கு ஒரு கடிதம். மறு ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி. டேனிலாஃபைக் கைது செய்து விசாரித்தபோது, இந்தக் கடிதமும் குற்றச்சாட்டாக முளைத்தது. அவர் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

மாறன்:
எரித்திருக்கலாம் என்பார்கள். அந்த ஊரில் எரித்த சாம்பலும் சான்றாகியிருக்கும். ஒப்படைத்ததை நான் பிழையாகக் கருதவில்லை. பின்னால் நடந்ததுதான் பிழை. கடிதத்தைக் கொண்டுவந்தவராகக் கருதப்பட்ட, தன்னைப் பாதிரியார் என்று சொல்லிக்கொண்ட இளைஞரைத் தொடர்புகொண்ட சி.ஐ.ஏ. அதிகாரிகள், டேனிலாஃபைக் கேட்காமலேயே, அவரை இடையில் நின்றவராகக் குறிப்பிட்டுவிட்டார்கள். அது கே.ஜி.பி.யின் கைக்குப் போய், லெஃபோர்த்தவோ சிறை விசாரணையில் அவர்முன் வைக்கப்பட்டது.

செங்கோடன்:
மாறன் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் கைதுக்கு உடனடிக் காரணம் கடிதம் அன்று. ஒரு வாரம் முன்பு, ஐ.நா.வில் பணியாற்றிய கெனாதி சாகரோவ் என்ற சோவியத் குடிமகன் நியூயார்க்கில் உளவுக் குற்றத்துக்காகப் பிடிபட்டிருந்தார். அவரை மீட்க மாஸ்கோவுக்கு ஓர் அமெரிக்கர் தேவைப்பட்டார். மாஸ்கோவின் லெனின் குன்றுப் பகுதியில், டேனிலாஃபோடு பழகிய ஒருவர் செய்தித்தாள் நறுக்குகள் என்று சொல்லி அவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார். சற்று நேரத்தில் கே.ஜி.பி. ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்; பிரித்தால் இரகசியம் என்று குறிக்கப்பட்ட வரைபடங்கள்! சிறையில் 13 நாள் கழிந்தபின் தூதரகப் பொறுப்பில் வெளியே வந்தார்.

நன்முல்லை:
செய்தியாளர் வேடத்தின் பயனை மாஸ்கோ நன்கறியும். டோக்கியோவில் ஜெர்மன் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிவந்த ரிச்சர்ட் சோர்கே, 1941இல் பிடிபடும்வரை அவர்களுடைய ஒற்றர்தான். அமெரிக்கத் தரப்பும் தூய்மையானதன்று. அங்கீகாரம் பெற்ற அமெரிக்கச் செய்தியாளர் எவரோடும் பண உறவோ ஒப்பந்த உறவோ வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சி.ஐ.ஏ. அறிவித்ததே 1976 பிப்ரவரியில்தான். அந்த வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். பணத்தையும் ஒப்பந்தத்தையும் அது விலக்குகிறது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டேனிலாஃப் இடறியது அங்கேதான்.