படம் போட்டா "சூப்பர் மிஸ்", பாட்டு நடத்துனா கைடு உரை. பசங்கள கவனிக்க வைக்கிறது எப்படி?

வெண்கட்டி:
எல்லாருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில ஒன்பதாவதுக்கும் பதினொண்ணுக்கும் தமிழ் எடுக்கிறேன், ஒரு வகுப்புல 46 பேர், பீரியட் 45 நிமிஷம். 2022லேர்ந்து நம்ம அரசுப் பள்ளிகள்ல சிறார் படம் போடுறோம் இல்லையா, படம் முடிஞ்சதும் நானும் ஆசையா "என்ன தோணுச்சு"ன்னு கேட்பேன், "நல்லாருந்துச்சு மிஸ், மியூசிக் சூப்பர், நேர்மையா இருக்கணும்னு சொல்றாங்க மிஸ்"னு அதோட முடிஞ்சு போயிடும். செய்யுள்ல இன்னும் மோசம், வாயத் தொறந்தா கைடுல இருக்கிற பொழிப்புரை அப்படியே வருது, பாட்டுல எந்தச் சொல்லு பிடிச்சுதுன்னு கேட்டா ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கறதில்ல. இத்தனைக்கும் ஒரு டிரெய்லர் வந்துட்டா இதே பசங்க ஒவ்வொரு ஷாட்டா நிறுத்தி நிறுத்திப் பாத்து மதிய சாப்பாட்டு நேரம் பூரா பேசுறாங்க, நானே காதால கேட்டிருக்கேன். அந்தக் கண்ண வகுப்புக்குள்ள கொண்டு வர ஏதாவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பறம்புக்காரி:
மிஸ், டிரெய்லருக்கு யாரும் பொழிப்புரை சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் அவங்களே தேடுறாங்க. நம்ம வகுப்புல பாட்டு படிக்கறதுக்கு முன்னாடியே பொருள் வந்துடுது, அப்புறம் தேட என்ன இருக்கு.

நான் செஞ்சது புறநானூறு 112, பாரி மகளிர் பாட்டு. அஞ்சே வரி. அத அஞ்சு துண்டா வெட்டி, யார் பாடுனது எதுக்குப் பாடுனதுன்னு எதுவும் சொல்லாம, கலைச்சுப் போட்டு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கவர்ல குடுத்தேன். முதல் வேலை வரிசையா அடுக்கணும். அடுக்குனதும் சரியான வரிசைய போர்டுல எழுதிட்டேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

ரெண்டாவது வேலை, இத ரெண்டே ஷாட்டுல எடுக்கணும், கேமராவ எங்க வைப்பீங்க, என்ன சத்தம் கேக்கும், நோட்டுல கட்டம் போட்டு வரைஞ்சு காட்டுங்கன்னு சொன்னேன். நிலாவ வரையாத குழுவே இல்ல. ஒரு குழு மட்டும் ரெண்டு கட்டத்துலயும் நிலாவ ஒரே மூலையில, ஒரே அளவுல வரைஞ்சிருந்தாங்க, கீழ "முதல்ல அப்பா பேசுற சத்தம், அப்புறம் முரசு"ன்னு எழுதி. ஒரே உருவத்த அதே இடத்துல வச்சு ஒரு ஷாட்டுலேர்ந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவுறது, சினிமாக்காரங்க மேட்ச் கட்னு சொல்றது இதான்னு நான் அப்புறமாத்தான் சொன்னேன். அப்ப கடைசி பெஞ்சுல எப்பவும் பேசாத ஒரு பொண்ணு எந்திரிச்சு, "முதல்ல அப்பா வர்றாரு அப்புறம் குன்று வருது, ரெண்டாவது தடவ குன்று முதல்ல போயிடுது, அப்பா கடைசியில மிஸ்"னு சொல்லுச்சு. எத்தனையோ வருஷமா நடத்துற பாட்டு, அந்த வரிசைய நானே அப்படிப் பாத்ததில்ல. அதுக்கு அப்புறம்தான் மூவேந்தர் பாரியோட பறம்பு மலைய முற்றுகை போட்ட கதையச் சொன்னேன், வகுப்பு அசையாம கேட்டுச்சு.

கத்தரிமேசை:
நான் டீச்சர் இல்லீங்க, எடிட்டிங் வேலை, லீவு நாள்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பட்டறை எடுக்கப் போவேன். முழுப் படமும் போட்டுட்டுக் கேள்வி கேக்கறதாலதான் "சூப்பர்"னு வருது, ரெண்டு மணி நேரத்தப் பத்தி ஒரு பதிமூணு வயசுப் பிள்ளை வேற என்னதான் சொல்லும். ஒரே ஒரு நிமிஷத்த எடுத்து மூணு தடவ போடுங்க, முதல்ல சத்தம் இல்லாம, அடுத்தது படத்த மறைச்சுட்டு சத்தம் மட்டும், அப்புறம் ரெண்டும் சேர்த்து.

நான் வழக்கமா எடுக்கிறது சத்யஜித் ராயோட பதேர் பாஞ்சாலி, 1955. வெளியூர் போயிருந்த அப்பா ஊர் திரும்பி வந்து, பொண்ணு துர்கா செத்தது தெரியாம அவளுக்கு வாங்குன புடவைய எடுத்து நீட்டுவாரு, அம்மா அத வாங்கி அப்படியே உடைஞ்சு போயிடுவாங்க. சத்தம் இல்லாமப் போடும்போது "அம்மா கதறி அழுறாங்க சார்"னு எல்லாரும் சொல்லுவாங்க. சத்தத்தோட போட்டா அழுகைச் சத்தமே இருக்காது, அந்த இடத்துல தார் ஷெனாய்னு வில்லால வாசிக்கிற ஒரு நரம்பு வாத்தியம் உச்சத்துல ஒலிக்கும், இசை ரவிசங்கர். அப்ப பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும் நீங்க. ஏன் அழுகைய எடுத்துட்டாருன்னு ஒரு கேள்வி போதும், பீரியட் பத்தாது.

இன்னொண்ணு, நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல லெவ் குலெஷோவ்னு ஒருத்தர் செஞ்சது. எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகத்த சூப் கிண்ணத்தோட, சவப்பெட்டியோட, ஒரு பெண்ணோட மாத்தி மாத்தி ஒட்டுனா பாக்கறவங்களுக்கு முகம் மாறுற மாதிரியே தெரியும். வகுப்புல ஒரு பையன் முகத்த போன்ல போட்டோ எடுத்து, பக்கத்துல பரோட்டா, ரேங்க் கார்டு, பூட்டுன வீடுன்னு மாத்தி வச்சுக் காட்டுங்க.

மழைநாள்:
எங்க பள்ளியில பசங்க போன் கொண்டு வரக்கூடாது, அதனால பழைய காலண்டர் அட்டையில தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டுக் குடுத்தேன், அதான் கேமரா. கண்ணுகிட்ட வச்சா அகல ஷாட், கைய நீட்டிப் பிடிச்சா குளோசப். அட்டையோட மைதானத்துக்கு அனுப்பி அஞ்சு கட்டம் வரைஞ்சுட்டு வரச் சொன்னேன், வேப்பமரத்தடி, தண்ணித் தொட்டின்னு ஆளுக்கு ஒண்ணா வந்துச்சு. ஒருத்தன் அஞ்சு கட்டத்துலயும் வாட்ச்மேன் அண்ணனோட செருப்ப மட்டும் வரைஞ்சிருந்தான். ஏன்டான்னு கேட்டா, "அவர் உக்காந்து நான் பாத்ததே இல்ல சார்"னான். அதுக்கு மறுநாள் சிறுகதை எடுத்தேன். எழுத்தாளர் எத மட்டும் காட்டுறாரு, எத மறைக்கிறாருன்னு கேட்டப்ப உடனே பிடிச்சுக்கிட்டாங்க. கலைச்சொல் எல்லாத்தையும் முதல் நாளே போர்டுல எழுதிடாதீங்க மிஸ், அப்புறம் அதையும் மனப்பாடம் பண்ணிடுவாங்க.

வெண்கட்டி:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. பறம்புக்காரி மிஸ், நேத்து பதினொண்ணுல உங்க துண்டு வேலையச் செஞ்சேன். நாலு குழு வரிசைய மாத்தி அடுக்குனாங்க, அந்தச் சண்டையிலயே பத்து நிமிஷம் போச்சு, ஆனா அந்தப் பத்து நிமிஷமும் எல்லாரும் பாட்டைத்தான் படிச்சாங்க. கத்தரிமேசை சார் சொன்ன ஒரே முகம் கதையையும் கூடவே சொன்னேன். ஒரு பையன் கொஞ்ச நேரம் போர்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "மிஸ், எந்தையும் ரெண்டு தடவ வருது. முதல் 'உம்' பெருமையா கேக்குது, ரெண்டாவது 'உம்' அழுற மாதிரி கேக்குது, எழுத்து ஒண்ணுதான்"னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒன்பதாவதுல அட்டைக் கேமரா. ஒரு சந்தேகம் மட்டும், இப்படி ஒரு பதில் வந்தா அதுக்கு மார்க் எப்படிப் போடுறீங்க, இல்ல போடாம விட்டுடுறீங்களா?