சொந்தப் பாட்டை ஏற்றியதற்கே காப்பிரைட் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

வெயிலூரான்:

ஒரு கட்டைவிரல் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதை எழுதிவிட்டால் போய்விடுமா என்று பார்க்கிறேன்.

2021. எட்டுப் பாட்டு, என் முதல் ஆல்பம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் சுவருக்கு இரண்டு மெத்தை, ஜன்னலுக்கு அம்மாவின் பழைய கம்பளி. மே மாதம், ஃபேனை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங். நம்ம ஊர் வெயில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஐந்தாவது பாட்டில் நான் மூச்சு வாங்குவது கேட்கும். அதை ஸ்டைல் என்று பாராட்டியவர்களும் உண்டு.

இரண்டு பாட்டை யூடியூபில் போட்டிருந்தேன். சென்னையிலிருந்து ஒரு லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனி, கூப்பிட்டது. மூன்றாவது மாடி, ஏசி, காபி. பதினான்கு பக்கம் ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. லேபிள்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மேல்பாதியைக் கட்டைவிரலோடு உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கீழ் மூலையை மட்டும் என் பக்கம் தள்ளினார். "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான் தம்பி." விரலில் ஊதா மை. அதையே பார்த்துக்கொண்டு பதினான்கு முறை கையெழுத்துப் போட்டேன்.

அட்வான்ஸ் 40,000. அந்த இரண்டு பாட்டை அவர்கள் பெயரில் மறுபடி வெளியிட்டார்கள். மீதி ஆறு இன்றுவரை அவர்கள் ஹார்டு டிஸ்கில் தூங்குகிறது. ஒரு வருடம் கழித்துக் கணக்கு வந்தது. கடைசி வரியில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சொச்சம். அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முன்னாடி ஒரு சின்னக் கோடு கீது பாருடா" என்றார். மைனஸ். அட்வான்ஸ், மிக்ஸிங், வீடியோ, போஸ்டர், புரமோஷன் எல்லாம் என் தலையில். கழித்ததுபோக நான்தான் அவர்களுக்குத் தர வேண்டுமாம்.

போன மாதம் தங்கைக்கு வளைகாப்பு. வீடியோவுக்குப் பின்னால் என் பாட்டையே போட்டு என் சேனலில் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் லேபிளிடமிருந்து காப்பிரைட் கிளைம். என் குரல், என் வரி, என் தங்கை.

குடியாத்தம் பீட்:

வெயிலூரான் அண்ணே, உங்களுக்காவது பாடினவருக்கு வந்தது. எங்கள் ஊரில் அடித்தவருக்கே வந்தது.

கெங்கையம்மன் சிரசு, வைகாசி ஒன்று, கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. முதல் நாள் இரவு எங்கள் தெருப் பெரியவர் பம்பை அடித்ததை ஃபோனில் பிடித்து வைத்திருந்தேன். அவருடைய இரண்டாவது அடி ஒரு நூல் தாமதித்து விழும். எந்த சாஃப்ட்வேரில் தட்டினாலும் அது வராது. அந்த நாலு நொடியை வைத்து ஒரு தம்பியின் முதல் ஆல்பத்துக்கு பீட் கட்டினேன். லேபிள்காரர்கள் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்னா எழுதிக்கீது என்றார். நீங்க அடிச்ச சத்தத்தை அவங்க எடுத்துக்கலாம்னு எழுதியிருக்கு தாத்தா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எடுத்துக்கினு போயிட்டா, அம்மனுக்கு நான் இன்னாத்த அடிக்கறது?" என்றார்.

சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து அவர் பேரன் வந்து ஃபோனை நீட்டினான். அதே இரவில் அவன் எடுத்து ஏற்றியிருந்த திருவிழா வீடியோ. கிளைம் போட்டிருந்தது அந்த லேபிள். தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவனைக் கெஞ்சினேன்.

குமாஸ்தா, ராணிப்பேட்டை:

என் அனுபவம் சின்னது. நான் வேலை செய்யும் வக்கீலிடம் ஒரு பையன் இதே மாதிரி ஒப்பந்தத்தோடு வந்தான். கையில் இருந்தது ஜெராக்ஸ், அதுவும் ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும். முன்னும் பின்னும் அச்சடித்ததை ஒரு பக்கமாகவே நகல் எடுத்துத் தந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது வெயிலூரான் தம்பிக்கு. முதலில் கிளைமும் ஸ்ட்ரைக்கும் ஒன்று இல்லை. உங்களுக்கு வந்தது கிளைம், அதாவது அந்த வீடியோவில் வரும் காசு அவர்களுக்குப் போகும். அதனால் சேனல் போகாது. ஸ்ட்ரைக் என்பது வீடியோவையே நீக்க வைக்கும் புகார், 90 நாளுக்குள் மூன்று வந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. கிளைமை மறுத்து டிஸ்ப்யூட் போடலாம், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் போடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் மறுப்பு நிற்காது.

அடுத்தது சட்டம். 1957 காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள், அதிலிருந்து பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது. சினிமாவில் வராத ஒலிப்பதிவாக இருந்தாலும், அதிலுள்ள வரிக்கும் இசைக்கும் வரும் ராயல்டியில் உரிமை வாங்கியவரோடு சரிபாதிப் பங்கு பெறும் உரிமையை விட்டுக் கொடுக்க முடியாது. வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. நீங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. ஆனால் இது எழுதியவர், இசை அமைத்தவர் என்ற முறையில்தான். மாஸ்டர், அதாவது அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு கதை. அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்.

"இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் உரிமை போகாது. இதுவும் 2012-ல் வந்ததுதான். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதியிருந்தால் இந்த இரண்டும் உதவாது.

தூங்கும் ஆறு பாட்டுக்குத்தான் முக்கியமான விஷயம். 19(4). வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. அந்த "தவிர" உங்கள் பதினான்கு பக்கத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினர் ஆகுங்கள். அது பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கம், 1969-லிருந்து இருக்கிறது. இன்னொன்று, எதையும் ஃபோனில் பேசாதீர்கள், மெயிலில் கேளுங்கள். கணக்கின் மூலப் பில்களைக் கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சின்னக் கோட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தானே.

காட்பாடி ஜங்ஷன்:

லேபிள் என்றால் வில்லன் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் இரண்டு வருடம் ஒரு மியூசிக் கம்பெனியில் இருந்தேன், வேறு கம்பெனி. வெயிலூரான் சொன்ன பென்சில் குறி இருக்கிறதே, அதைப் போடுவதுதான் என் வேலை.

பத்துப் பேருக்குச் செலவு செய்தால் இரண்டு பேர் பாட்டு ஓடினாலே பெரிய விஷயம். மீதி எட்டுப் பேரின் நஷ்டத்தை யார் தாங்குவது? எங்களிடம் ஒருவன் அட்வான்ஸை வாங்கி செகண்ட் ஹேண்டில் பைக் எடுத்தான். ரிலீஸுக்கு முந்தின வாரம் முழு ஆல்பத்தையும் வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பினான். அவனும் கஷ்டப்பட்ட பையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நான் எத்தனை பேரிடம் "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிச்சுட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எடுத்துப் போனவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் அன்றைக்கே ஸ்டேட்டஸ் போட வேண்டும், பேனாவோடு செல்ஃபி.

இதையெல்லாம் யாரிடமும் சத்தமாகச் சொல்வேன். ஆனால் போன வருடம் காட்பாடி ஸ்டேஷன் முதல் பிளாட்ஃபாரத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு பையனைப் பார்த்தேன். என்னைத் தெரிந்துவிட்டது அவனுக்கு. பேசவில்லை. ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டிவிட்டு ரயிலில் ஏறிவிட்டான். அன்றைக்கு வாங்கிய டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தேன்.

வெயிலூரான்:

வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னீர்களா? எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், பதினான்கு பக்க ஆங்கிலத்தை எங்கள் வீட்டில் யார் படிப்பார்? ராப் பண்ணுகிற பையனிடம், தமிழில் மட்டுமே எழுதுகிற பையனிடம், தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தால் கம்பெனி முழுகிவிடுமா? பைக் எடுத்தான் என்கிறீர்கள். நான் அந்த 40,000-த்தில் மைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கினேன். அதுவும் அவர்கள் கணக்கில் என் கடனாகத்தான் நிற்கிறது.

குமாஸ்தா சார், நன்றி. கோடு விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், ரொம்பப் பெருமை.

பேர்ணாம்பட்டுப் பெண்:

காசு வராதது இருக்கட்டும். என் முதல் ஆல்பம் என்றுதான் பேச்சு. ஐந்து பாட்டும் நான் எழுதியது, நான் பாடியது. நள்ளிரவு பன்னிரண்டுக்கு வெளியானது. எங்கள் வீட்டில் அப்பா முழித்திருந்தார், அதுவே அதிசயம். ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "உம் பேரு எங்கம்மா?" என்றார். கலைஞர் என்ற இடத்தில் பீட் போட்டவர் பெயர் மட்டும். நான் "ஃபீச்சரிங்"குக்குப் பிறகு, சின்ன எழுத்தில். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டார். "நானும் இருக்கேன்னு அர்த்தம்பா" என்றேன்.

கேட்டால் "மார்க்கெட்டிங்" என்று ஒரே வார்த்தை. அரக்கோணத்து ராப்பர் அறிவுக்கே, 2021-ல் அவருடைய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது பத்திரிகை அட்டையில் இடம் இல்லை. நாமெல்லாம் எம்மாத்திரம். அதே பாட்டுக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டபோது, எங்கள் தெருவில் முதல் ஆளாகப் பார்த்தது நானாகத்தான் இருப்பேன்.

காட்பாடி ஜங்ஷன், உங்கள் பெருக்கல் குறியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. மீதியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

கஸ்பா:

எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, கேட்கிறவன் மட்டும். குடியாத்தம் தம்பிக்கு ஒன்று. சாம்பிள், அதாவது வேறொருவர் பதிவின் துண்டை எடுத்து வைப்பது என்றாலே தலைவலிதான், அது நம்ம ஊரில் தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் டி லா சோல் என்று ஒரு குழு, முதல் ஆல்பம் 1989. பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது. துண்டுகளுக்கு அனுமதிச் சிக்கல், லேபிளோடு தகராறு, இரண்டும் சேர்ந்து 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் அந்த ஆல்பமே கிடையாது. மூவரில் ஒருவர், டேவ், அதற்கு முந்தின மாதம்தான் இறந்துபோனார். தன் முதல் ஆல்பத்தை ஃபோனில் தட்டிக் கேட்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் நீ அந்தத் தாத்தாவிடம் சொல்லாமல் மறைத்தது தப்பு. சொல்லிவிடு.

குடியாத்தம் பீட்:

அவர் போன தை மாதம் காலமாகிவிட்டார் அண்ணே.

பழைய கேசட் கடை, லாங் பஜார்:

கேசட் காலத்தில் இருந்தவன் நான். கானா பாடுகிற ஒருவரை ஒரு கம்பெனி கூட்டிப் போய்ப் பத்துப் பாட்டு பாட வைத்தது. கையில் 1,500 ரூபாய், தோளில் ஒரு சால்வை. என் கடையிலேயே அந்தக் கேசட் எத்தனை போச்சு என்று கணக்கே இல்லை. அவர் வாரம் ஒரு முறை வந்து, காசு கொடுத்து, தன் கேசட்டைத் தானே வாங்கிக்கொண்டு போவார், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. ஒரு நாள் நான் காசு வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டார். "ஓசில வாங்கனா பாட்டுக்கு மரியாத இல்ல பா." ராயல்டி என்ற சொல் அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கஸ்பா:

வெயிலூரான், அந்த ஆறு பாட்டில் ஒன்றை அனுப்பேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

வெயிலூரான்:

என்னிடமே இல்லை அண்ணே. கையெழுத்துப் போட்ட அன்று சிஸ்டத்தில் இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சொன்னார்கள், யோக்கியமாக அழித்துவிட்டேன். வரி மட்டும் வாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டை அகழி ஓரம் நாலைந்து பேர் கூடுவோம், பீட் இல்லாமல் கையைத் தட்டிப் பாடுவோம். வாருங்கள். அதற்கு யாரும் கிளைம் போட முடியாது.

குமாஸ்தா, ராணிப்பேட்டை:

தம்பி, நேரடி நிகழ்ச்சி என்று ஒரு பத்தி இருக்கும், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வெயிலூரான்:

இருக்கிறது சார். 11-வது பக்கம்.