தளம் கொடுக்கிற எழுத்துருவில்தான் படித்தாக வேண்டுமா?

கோத்தகிரி_சாரல்:
அப்பாவுக்கு 68 வயது, ஒன்றரை ஏக்கர் தேயிலை. காலையில் போனில் பசுந்தேயிலை விலையைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவர் படிக்கிற செய்தித்தளத்தைப் (பெயர் வேண்டாம்) போன மாதம் புதுப்பித்தார்கள். எழுத்து நூல் மாதிரி மெல்லிசு, அதுவும் வெளிர் சாம்பல் நிறத்தில். புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி. விரலால் விரித்துப் பெரிதாக்கலாம் என்றால் அதையும் பூட்டிவிட்டார்கள். எங்கள் பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுதான், அதனால் பக்கம் சில விநாடி எழுத்தே இல்லாமல் நின்று, வேறொரு எழுத்தில் வந்து, அப்புறம் ஒரு குதி குதித்து மாறுகிறது. நமக்குப் பிடித்த எழுத்தில் படிக்க வழி இருக்கிறதா?

குன்னூர்_வலைவேலை:
நானும் இந்தத் தொழில்தான், அதனால் கொஞ்சம் எங்கள் பக்கமும் பேசுகிறேன். எழுத்துரு என்பது கடை போர்டு மாதிரி, எல்லாருக்கும் ஒரே எழுத்து என்றால் எந்தக் கடை எது என்று தெரியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், பாதி இடத்தில் ஆங்கிலத்தை வைத்து டிசைன் முடித்துவிட்டுக் கடைசியில்தான் தமிழைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கிற மெல்லிய எழுத்தும் நெருக்கமான வரியும் தமிழுக்குச் சரிவராது, மேலே புள்ளியும் கீழே சுழியும் இடிக்கும். ஜூமைப் பூட்டியதற்கு மட்டும் என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. ஆண்ட்ராய்டு குரோமில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்று இருக்கும், அங்கே தளம் தடுத்தாலும் பெரிதாக்க அனுமதிக்கிற சுவிட்ச் உண்டு.

கூடலூர்_பழையவன்:
போர்டு சரி தம்பி, போர்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று யாரும் படிப்பதில்லை. தலைப்பையும் லோகோவையும் எப்படி வேண்டுமானாலும் போடுங்கள், செய்தியை எந்த எழுத்தில் படிப்பது என்பது படிக்கிறவன் பாடு.

2000 வாக்கில் ஊட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் அதனதன் எழுத்துருவை இறக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக வரும். அன்றைக்கு எழுத்துருவை மாற்றினால் எழுத்தே மாறிவிடும், அதனால் வேறு வழி இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஓர் எண் தருகிற யூனிகோடு வந்ததும் எழுத்து வேறு, அதன் உருவம் வேறு என்று பிரிந்துவிட்டதே! இப்போதும் எங்கள் எழுத்துருவில்தான் படி என்றால் என்ன நியாயம்? வலைப்பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற சிஎஸ்எஸ் மொழியில், 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 விதியிலேயே, வாசகர் தன் நடைதாளில் (தோற்ற விதிகளின் பட்டியல்) 'முக்கியம்' என்று குறித்தது தளத்தின் விருப்பத்தை மீறி நிற்கும் என்றுதான் இருக்கிறது. உலாவிகள்தான் அதை மூலையில் ஒளித்துவிட்டன.

கணினியில் என்றால் பயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புகளில் எழுத்துரு, மேம்பட்டவை, மொழி தமிழ். பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, 'பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கட்டும்' என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச அளவையும் அங்கேயே வைக்கலாம். குரோமில் எழுத்துருவை மாற்றினாலும், தளம் தனக்கென்று ஒன்றைச் சொல்லியிருந்தால் தளம் சொன்னதுதான் நடக்கும். போனுக்கு பயர்பாக்ஸும், அதில் யூபிளாக் ஆரிஜின் என்கிற தடுப்பு நீட்சியும் போட்டு, வெளியிலிருந்து வரும் எழுத்துருக்களைத் தடுத்தால் போனிலேயே இருக்கிற எழுத்தில் வரும். டேட்டாவும் மிச்சம்.

குன்னூர்_வலைவேலை:
அப்படித் தடுத்தால் ஐகான்களும் போய்விடும் அண்ணா. பல தளங்களில் மெனு, தேடல் குறியெல்லாம் எழுத்துருவாகத்தான் வருகிறது, கட்டம் கட்டமாக நிற்கும். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_சாரல்:
போட்டுப் பார்த்தேன், இப்போது புள்ளியெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. மெனு இருந்த இடத்தில் கட்டம்தான் நிற்கிறது, அது எதற்கு என்று அப்பா கேட்கவே இல்லை. அதை எப்போதும் தொட்டதில்லையாம். அவர் கேட்டதெல்லாம், நேற்று படித்த விலையும் இதேதானா, இல்லை தான் தப்பாகப் படித்தாரா என்றுதான்.